இடது பக்கத்து முடி

செப்டம்பர் 3, புதன்

இந்த டைரி அவர் கொடுத்தது. அவர் என்றால் என் வீட்டுக்காரர். டயர் கம்பெனிக்காரர்கள் அவருடைய லாரி ஆபீசுக்குக் கொடுத்ததாம், வருஷப் பிறப்பிலிருந்து அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. தோல் டாக்டர் தினமும் எழுதச் சொன்னதால் இன்று என் கைக்கு வந்தது. "எழுது. நானும் அப்பப்ப பாக்கறேன்" என்றார். ஆகவே பார்க்கிறவருக்கு முதலில் ஒரு வணக்கம்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. முடியை விரலில் சுற்றி நீவிப் பார்த்து, "ரொம்ப வறண்டிருக்கே, எந்தத் தண்ணி?" என்று கேட்டார். போர் தண்ணீர். எங்கள் தெருத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரைக்காது, திரிந்த பால் மாதிரி மிதக்கும். அந்த உப்பு முடிமேல் படிந்து அதைச் சொரசொரப்பாக்கிவிடுகிறது. நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள், டாக்டரம்மா முடிப்பதற்குள் நானே முந்திரிக்கொட்டையாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

ஷாம்பூவைக் குறைக்க வேண்டும். குளிப்பதற்கு முன்பே எண்ணெய் வைக்க வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர். துண்டால் அடித்துத் துவட்டக் கூடாது. ஈரத்தில் சீவக் கூடாது, காய்ந்த பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வர வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு இடது காதுக்கு மேலே முடியைத் தூக்கிப் பார்த்தார்.

"வறட்சின்னா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படி?"

கேட்டது என்னிடம். பதில் சொன்னது அவர். "அந்தப் பக்கந்தாங்க ஒருக்களிச்சுப் படுப்பா. தலகாணி ஒரசுதுங்க."

டாக்டரம்மா என் முகத்தையே பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன். தூக்கத்தில் எப்படிப் புரளுகிறேன் என்று எனக்கென்ன தெரியும்? அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 6, சனி

மழைத் தண்ணீர் ஒரு குடம் பிடித்து வைத்திருந்தேன். கடைசி அலசலுக்கு அதை ஊற்றினால், அடடா, என் முடிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. அப்படிக் குழைந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஈரத் தலையோடு மொட்டைமாடியில் நின்று அப்பாவோடு போனில் பேசினேன்.

அப்பா காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் மேஸ்திரி. மாதாமாதம் ஒரு கேன் தேங்காயெண்ணெய் பஸ்ஸில் போட்டு அனுப்புவார். "என்ர எண்ணெயத் தேச்சும் தல காயுதுன்னா எப்புடி கண்ணு? மில்லு மானமே போயிருமாட்ட இருக்குது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததில் கீழே பைக் ஹாரன் காதில் விழவில்லை. கேட் திறக்க நேரமாகிவிட்டது.

சாயந்திரம் முடி நிறையப் போயிற்று. மழைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. தைராய்டு சரி, இரும்புச் சத்து சரி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது ஒரு குறை இருந்திருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று டைரியை எடுத்துப் புரட்டினார். நான் அடுப்படியில் நின்றபடி, இதுவரை என்னென்ன எழுதினேன் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "என்ன இது எண்ணெயும் தண்ணியும், சமையல் குறிப்பாட்ட" என்று கொட்டாவி விட்டுத் தூக்கிப் போட்டார். இனித் தொட மாட்டார் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒன்று எழுதி வைக்கிறேன். நான் வலது பக்கம்தான் படுப்பேன். இடது பக்கம் வைத்தால் வலிக்கும்.

இன்னொன்றும் கண்டுபிடித்திருக்கிறேன். எண்ணெய் சொட்டச் சொட்ட வைத்த நாட்களில் முடி போவது குறைவு. கைக்குள் நிற்காமல் வழுக்கிவிடும். அவருக்குப் பிசுக்கு ஆகாது, "ச்சீ" என்று கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போய்விடுவார். டாக்டரம்மா வேறு காரணத்துக்காகத்தான் எண்ணெய் வைக்கச் சொன்னார். எண்ணெய்க்குத் தெரியவா போகிறது?

செப்டம்பர் 22, திங்கள்

ஹாரன் அடிப்பதற்கு முன்பே கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். "ஆரு வருவான்னு வாசல்ல நின்னுட்டிருக்கற?" என்றார்.

அக்டோபர் 2, வியாழன்

நுனியெல்லாம் பிளந்திருக்கிறது. பிளந்ததை வெட்டாவிட்டால் பிளவு மேலே ஏறும். தோள்வரை வெட்டிக்கொள்ளட்டுமா என்று நல்ல நேரம் பார்த்துக் கேட்டேன். "இந்த முடியப் பாத்துத்தான உன்னையக் கட்டுனேன்" என்றார். வெளியாள் கேட்டால் சொக்கிப்போவார்கள். நான் கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

சடையை விட்டுவிட்டுக் கொண்டை போட ஆரம்பித்திருக்கிறேன். நுனி உராயாது என்று அத்தையிடம் சொன்னேன். சடை என்பது வாளிக்குப் பிடி மாதிரி, வசதியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதை அத்தையிடம் சொல்லவில்லை.

அத்தை, என் மாமியார், கீழ்வீட்டில் இருக்கிறார். நாங்கள் மாடியில். அத்தைக்குப் பாம்புக் காது, பால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே பாத்திரம் எடுத்துவிடுவார். ஆனால் மாடியில் சத்தம் கிளம்பினால் கீழே டிவியின் சத்தம் ஏறும்.

அப்பாவிடம் சொல்லலாம்தான். போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. அம்மா இருந்தாலாவது அம்மாவிடம் சொல்லி அப்பாவிடம் பக்குவமாகச் சொல்ல வைக்கலாம். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. மில்லில் யாரைப் பார்த்தாலும் "எம் மாப்ளை தங்கமுங்க" என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறந்து அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அக்டோபர் 8, புதன்

அவருக்குக் காய்ச்சல்.

அக்டோபர் 11, சனி

டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது. டாக்டர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்ததும் அத்தை வராந்தாவிலேயே பழனி இருக்கிற திசை பார்த்துக் கும்பிட்டுக் கத்திவிட்டார்.

"முருகா! என்ர புள்ளயக் காப்பாத்திக் குடு! மருமவ தலமுடிய முச்சூடும் உனக்கே குடுத்தர்றேன்!"

தன் முடியை இல்லை, என் முடியை. அத்தை தலையில் காணிக்கை போடும்படி ஒன்றும் மிச்சமில்லை என்பதும் வாஸ்தவம்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்மணி என் கொண்டையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

அவர் பிழைக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். பொய்யில்லை. நடுவில் ஒரு கணம் நினைப்பு வேறு பக்கம் போய்விட்டது. பயந்துபோய் முதலிலிருந்து மறுபடியும் வேண்டினேன்.

அக்டோபர் 15, புதன்

பிளேட்லெட் ஏறுகிறது. அத்தை எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

வந்ததிலிருந்து சீப்பில் முடியே இல்லை. ஆஸ்பத்திரித் தண்ணீரும் போர் தண்ணீர்தான், விசாரித்துவிட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். தீபாவளி படுக்கையிலேயே போயிற்று. அத்தை இன்று காலையில் அப்பாவுக்குப் போன் போட்டு, கார்த்திகை பிறந்து முதல் ஞாயிறு பழனியில் கோகிலாவுக்கு மொட்டை, சம்பந்தியும் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "பொட்டப் புள்ள முடிய அவங்க பாட்டுக்கு நேந்துட்டாங்களேன்னு ஒரு மாதிரி இருந்துச்சு கண்ணு. ஆனா மாப்ள பொழைச்சாரே, அது போதும். முடி வளரும். நான் வேற எண்ணெ காச்சித் தர்றேன்."

போனை வைத்துவிட்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். கொண்டையை அவிழ்த்து இடது காதுக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லாமல் வழவழப்பாக ஓரிடம். அதற்குப் பின்னால் நீளமாக மேடு தட்டியிருக்கிறது, அது கதவு நிலையில் பட்டது. அதற்கும் பின்னால் பொருக்கு. மேலே முடியைச் சீவிவிட்டால் ஒன்றும் தெரியாது. வறண்டதோ பிளந்ததோ, என் மானத்தை மூடிக்கொண்டிருந்தது இந்த முடிதான். அதைச் சிரைத்துவிட்டால் அப்பா பார்ப்பார்.

பழனிக்குப் போகும் வழியில் பஸ் கவிழ்ந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. பிறகு அதே பஸ்ஸில் மற்றவர்களும் இருப்பார்களே என்று மாற்றிக்கொண்டேன்.

நவம்பர் 3, திங்கள்

அவர் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். இன்று என்னை நாற்காலியில் உட்கார வைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார். டாக்டரம்மாவைவிடப் பொறுமையாகப் பார்த்தார். அவர் மூச்சு பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. நான் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

டார்ச் அணைந்தது. "பூமுடி போதும்னு நீயாப் போயி அம்மாகிட்டச் சொல்லு" என்றார். பூமுடி என்றால் நுனியில் கொஞ்சமாகக் கத்தரித்துக் கொடுப்பது. பெரும்பாலும் பெண்கள் அதைத்தான் கொடுப்பார்கள். "நான் சொன்னதாச் சொல்லிராத."

அவருக்கும் பயம். மூன்று வருஷத்தில் இன்றுதான் அதைப் பார்த்தேன். என் பயம் அதனால் குறையவில்லை, இன்னும் கூடிப்போயிற்று.

நவம்பர் 5, புதன்

சொன்னேன். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கத்தை, பூமுடியாக் குடுத்தா ஆகாதுங்களா?"

"மூணு மசுரு குடுத்து ஏமாத்தறதுக்கு முருகன் என்ன உன்ர சித்தப்பனா? முச்சூடும்னு சொல்லிப்போட்டேன். சொன்னதக் கொறச்சா எம் புள்ளைக்கு ஆகாது."

"முடி வறண்டு போயிருக்குதுங்கத்தை. இந்த முடிய சாமிக்குக் குடுக்கறதுக்கு..."

"வறண்டதையும் வாங்கிக்குவாரு."

மாடிக்கு வந்து அவரிடம் சொன்னேன். "உனக்கு ஒண்ணைச் சொல்லத் தெரியுதா" என்றார். இன்று எண்ணெய் வைத்திருந்தேன். நல்லவேளை.

நவம்பர் 12, புதன்

இனி முடிக்குச் செய்ய ஒன்றுமில்லை, தலைத்தோலுக்குச் செய்கிறேன். கற்றாழையின் உள்சதையை நன்றாகக் கழுவி, மஞ்சள் கோந்து போன பிறகு பொருக்குமேல் வைக்கிறேன். சீயக்காய், எலுமிச்சை எதுவும் கிட்டே வரக் கூடாது. பொருக்கு காய்ந்து தானாக விழுந்துவிட்டது. மேடு அப்படியே இருக்கிறது. முடி இல்லாத இடமும் அப்படியே.

அவர் தலையைத் தொடுவதில்லை, ஜாக்கிரதையாக இருக்கிறார். முழங்கை வரைக்கும் வருகிற ரவிக்கைகளை வெளியே எடுத்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் முடி அருமையாக இருக்கிறது. வறட்சி போய்விட்டது. சீப்பு இறங்குகிறது. போகிற காலத்தில்தானா இதற்கு வாழ்வு வர வேண்டும்!

நவம்பர் 19, புதன்

"ஆராவது கேட்டா நான் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத. உங்கொப்பனுக்கு நெஞ்சு வேற சரியில்ல, ஞாபகம் இருக்குதில்ல?" என்றார். சாதாரணக் குரலில், தண்ணீர் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

நவம்பர் 22, சனி

பயமாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அப்பா பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று பயம். பார்க்காமலே போய்விட்டால் என்ன ஆகும் என்றும்.

நவம்பர் 24, திங்கள், காங்கேயம்

டைரியைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தது நல்லதாயிற்று. நேற்று நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து நாங்கள் மூன்று பேரும் காரில் போனோம். அப்பா மில் வேனை எடுத்துக்கொண்டு நேராகப் பழனிக்கு வந்துவிட்டார். புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. "வாங்க மாப்ளே, ஒடம்பு தேறிருச்சுங்களா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் சிரித்துப் பேசினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முடி காணிக்கை மண்டபத்து வாசலில் அத்தை திடீரென்று நின்றுவிட்டார். என்னைப் பார்க்காமல், "பூமுடியே குடுத்தர்லாம் கோகிலா. லோகு சங்கடப்படறான்" என்றார். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது அவர் அம்மாவைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசியது நினைவுக்கு வந்தது. ஆக, சொல்லிவிட்டார். அத்தைக்குப் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை, ஆனால் இனி அது தெரியாத மாதிரி இருக்க முடியாது.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க சம்மந்தி, நேந்ததை மாத்தலாமுங்களா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பார்வையை வீட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் கால் எப்படியோ உள்ளே போய்விட்டது. மொட்டை அடிக்கிற அம்மா ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் மணையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

"பூமுடியாம்மா?"

"இல்லீங்க. மொட்டை."

தலையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். முடியை இரண்டாகப் பிரித்து முடிந்தார். "நல்ல முடியா இருக்குதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வலது பக்கம் ஆரம்பித்தார். கத்தி சரசரவென்று இறங்கியது. இடது பக்கம் வந்ததும் நின்றது.

"என்னம்மா இது? எப்புடிப் பட்டுச்சு?"

"சின்ன வயசுல விழுந்ததுங்க" என்று பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார். "பழசு. நீங்க வேலையப் பாருங்க."

அப்பா அதுவரை சற்றுத் தள்ளி, என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கிட்டே வந்தார். குனிந்தார். எண்ணெய் மில்லிலேயே காய்த்துப்போன அந்த விரல்கள் என் தலைமேல் மெதுவாக ஊர்ந்தன. மேட்டின்மேல் வந்ததும் நின்றுவிட்டன.

"மாப்ளே, இவளுக்குத் தாய்மாமன் இல்லீங்க" என்றார் அப்பா. குரல் உயரவே இல்லை. "மூணு தடவ மொட்டையும் என்ர மடியில ஒக்கார வெச்சுத்தான் அடிச்சேன். இந்த மலையடிவாரத்துலதான். கத்தி படாம இந்தத் தலைய ரெண்டு கையிலயும் புடிச்சுட்டிருந்தவன் நானு. ஒரு கீறல் கெடையாதுங்க."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆரு கண்ணு?"

எனக்கு அப்பாவின் நெஞ்சு ஞாபகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, என் தலையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவருங்கப்பா" என்றேன்.

அத்தை சந்தனக் கிண்ணத்தோடு அவசரமாக வந்தார். "பூசியுட்டாத் தெரியாதுங்க சம்மந்தி. ஊட்டுல போயிப் பேசிக்கலாம். வா கண்ணு, குனி" என்று விரலில் குழைத்து எடுத்தார்.

"பூசாதீங்க" என்றார் அப்பா. "பாக்கறவங்க பாக்கட்டும்."

மிச்சத்தையும் அந்த அம்மா சிரைத்து முடித்தார். சிரைத்தவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அத்தையின் வேண்டுதல் ஒரு மயிர்கூடக் குறையாமல் நிறைவேறியது. அப்பா என் செருப்பைக் கீழே வைத்து, நான் போட்டுக்கொள்ளும் வரை நின்று, வேனில் ஏற்றினார். என் வீட்டுக்காரர் வேன் கதவுவரை வந்து, "கோகிலா, எறங்கு. சொன்னாக் கேளு" என்றார். உடம்பு தானாக எழுந்துவிட்டது. அப்பா கதவைச் சாத்தினார்.

தாராபுரம் வந்ததும் அப்பா, "எண்ணெ பத்தலையோன்னு நெனச்சனே கண்ணு" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மாத்திரை போட வைத்தேன். இரண்டு பேரும் மோர் குடித்தோம்.

இன்று காலையிலிருந்து என் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடுகிறது. வாசலில் எந்த பைக் வந்தாலும் உள்ளறைக்கு ஓடிவிடுகிறேன். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார். மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறோம். அங்கே கேட்பார்களாம், நான் என் வாயால் சொல்ல வேண்டுமாம். நாக்கு ஒட்டிக்கொண்டுவிடும் என்று பயமாக இருக்கிறது. அதனால் இங்கே ஒரு தரம் எழுதிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.

என் பெயர் கோகிலவாணி. என் முடி வறண்டு உதிரவில்லை. என் புருஷன் லோகேஸ்வரன் மூன்று வருஷமாக அதைப் பிடுங்கினான்.